இறக்கத்தில் பார்த்த மைலேஜ்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் நிலையம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது.
2. போடியிலிருந்து ஜீப்பில் போய்வந்தேன். ஜீப் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நான் தாமதமாகவே போய்ச் சேர்ந்தேன்.
3. காலையில் உலர்த்தியைத் திறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் என்னைக் கீழே போடிக் கிடங்குக்கு மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடப்போவதாக மேலாளர் சொன்னார்.
4. விலை குறைந்த, பெட்ரோல் அதிகம் குடிக்காத பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்தேன்.
5. பல கார்களைப் பார்த்தேன். ஒரு காரின் சாவியைக்கூட யாரும் என் கையில் தரவில்லை.
6. என் மாமா ஒரு காரைத் தேர்ந்தெடுத்து, பூஜை போட்டு, எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.
7. அதை நான் மலையில் ஓட்டிப் பார்த்தேன்.
8. அதை நான் வாங்கவில்லை.
9. நல்ல வண்டியின் பிரேக்கைப் பொசுக்கிய பெண் என்று ஊரில் எனக்குப் பெயர்.

ஒன்பதாவதைத் திருத்துவதற்காகத்தான் மற்ற எட்டையும் விரித்து எழுதுகிறேன்.

என் வேலையில் சூடுதான் எல்லாம். பறித்த பச்சைக் காய் மாலையில் உலர்த்திக்குள் போகிறது. மறுநாள் காலைவரை சூடான காற்றில் காய்கிறது. சூடு கூடினால் பச்சை நிறம் வெளுத்துவிடும். குறைந்தால் உள்ளே ஈரம் நின்று, மூட்டையிலேயே பூஞ்சை பிடிக்கும். வெளுத்த காயைப் போடி ஏலத்தில் வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பத் தட்டில் போட்டுவிடுவார்கள். நான் படித்தது கருவிப் பொறியியல். உலர்த்தியின் வெப்பமானிகளைச் சரியாக வைத்திருப்பதும், எப்போது திறக்கலாம் என்று சொல்வதும் என் பொறுப்பு.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் நிலையத்திலேயே தங்கியிருந்தார். அவருக்கு ஓர் அறை இருந்தது. அது ஆண்கள் தங்கும் வரிசையில் இருப்பதால் எனக்குத் தர முடியாது என்றார்கள். சரி. அறை தராததால் தினமும் மலையேறுகிறேன், மலையேறுவதால் தாமதம், தாமதத்துக்குத் தண்டனை இடமாற்றம். இந்தக் கணக்கை மேலாளரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டினேன். "நீங்க சொல்றது சரிதான்ம்மா" என்றார். ஆனாலும் மாதக் கடைசி மாதக் கடைசியாகவே இருந்தது.

ஜீப்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாலும் பயனில்லை. தோட்டவேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு வந்து நெருக்கி உட்காருவார்கள். ஓட்டுநர் வெளியே நின்று கத்திக்கொண்டிருப்பார். நான் கடிகாரத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"இந்தா கெளம்பிருச்சுத்தா. இன்னும் ரெண்டே பேரு."

அந்த இரண்டு பேர் வந்ததும், இன்னும் இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் அப்பா இல்லை. வண்டி வாகனம் என்றால் அது அம்மாவின் தம்பி, என் மாமாவின் இலாகா. மாமா பல வருடம் மெட்டுக்கு ஜீப் ஓட்டியவர். இப்போது தேனிக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். நல்லவர். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவர். அதனால்தான் அவரைக் கூட்டிக்கொண்டு கார் பார்க்கப் போனேன். அந்த முடிவுக்காக இப்போதும் என்மேல்தான் கோபப்படுகிறேன்.

தேனி சாலையில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி விற்கும் தரகர் ஒருவர் இருக்கிறார். மாமாவுக்குப் பழக்கம். நான் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். முதல் கேள்வியிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"இது மைலேஜ் எவ்வளவு தருது?" என்று தரகரிடம் கேட்டேன்.

அவர் மாமாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "இது எண்ணெயக் குடிக்காது மாப்ளே. மோந்து பாத்துட்டு அப்படியே ஓடும்."

"ஏத்தத்துலயா, எறக்கத்துலயா?"

அவர் சிரித்தார், அதையும் மாமாவைப் பார்த்தே. "பாப்பா என்ன படிச்சிருக்கு?"

"படிப்புக்கு என்ன, நெறைய படிச்சிருக்கு" என்றார் மாமா, பெருமையும் சலிப்புமாக.

நான் சாவி கேட்டேன். தரகர் சாவியை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். மாமா ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு காருக்கும் இதே நடந்தது. அந்த இடத்தில் மட்டுமல்ல, சின்னமனூரில் பார்த்த இடத்திலும், ஒரு வீட்டு வாசலில் பார்த்த காருக்கும் இதேதான். "பொம்பளப்புள்ள பழக்கமில்லாத வண்டியில கை வச்சு எங்கயாச்சும் இடிச்சிருச்சுன்னா" என்று அந்த வீட்டுக்காரர் நேரடியாகவே சொன்னார். அவருடைய காரில் நான்கு பக்கமும் ஏற்கெனவே இடிபட்டிருந்தது.

இதில் என்னால் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. தரகர் எந்தக் காரைப் புகழ்வதென்றாலும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "லேடி டாக்டர் ஓட்டுன வண்டி." பெண் ஓட்டியது என்றால் மெதுவாக ஓட்டியது, அடிபடாதது, நம்பி வாங்கலாம் என்று பொருள். எங்கள் வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் கார்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் பெண் மருத்துவர்கள் வேறு வேலையே செய்யாமல் கார் வாங்கி விற்றுக்கொண்டிருக்க வேண்டும். விற்கும்போது பெண் ஓட்டியது காரின் தகுதி. வாங்கும்போது பெண் ஓட்டிப் பார்ப்பது காருக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே வாயால், ஒரே காருக்கு, ஒரே மூச்சில் சொல்கிறார்கள். சொல்லும்போது யாருக்கும் முகம் மாறுவதில்லை.

மைலேஜ் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல்வரை ஒரே இறக்கம். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். மெட்டில் டீ குடித்துவிட்டு, என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு வருவது எங்கள் ஊர் ஓட்டுநர்களுக்குப் பழக்கம். அதைத் திறமை என்றே நினைக்கிறார்கள். எவ்வளவு தூரம் சத்தமில்லாமல் வந்தாய் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். பிறகு அந்த ஓட்டத்தை வைத்து மைலேஜ் சொல்வார்கள். அணைத்துவைத்த என்ஜின் எவ்வளவு குடிக்கும்? ஒன்றும் குடிக்காது. வாசலில் நிற்கிற காரும் ஒன்றும் குடிப்பதில்லை.

இதை மாமாவிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது வரும் கார்களில், கியரில் வைத்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதே இல்லை. சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. அதுவே வண்டியைப் பிடித்தும் வைக்கிறது. என்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு உதவி செய்யும் காற்றிழுப்பும் நின்றுபோகும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும் என்றேன்.

"என்ஜின் சுத்துதுல்ல?"

"சுத்துது மாமா."

"சுத்துற என்ஜின் எண்ணெய் குடிக்காம சுத்துமாக்கும்? எனக்கே கத விடுற பாரு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாதம் பாதி கடந்திருந்தது. எனக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலை தெருவில் ஹாரன் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. முகப்பில் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. மாமா இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கொடுக்கல் வாங்கல் பேசி முடித்து, கோயிலில் பூஜையும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எதையும் என்னிடம் சொல்லவில்லை. சந்தோஷப்படுத்த வேண்டும் என்றுதான் சொல்லவில்லையாம்.

"நேத்து நானே மெட்டுல இருந்து எறக்கிப் பாத்தேன்த்தா. பெட்ரோல் முள்ளு அசையவே இல்ல. அது மட்டுமில்ல, எறக்கத்துல என்ன அடக்கம்ங்கிற! வேற வண்டியா இருந்தா பிச்சுக்கிட்டு ஓடும். இது பிரேக்கே கேக்கல. சொன்ன பேச்சக் கேட்டுக்கிட்டு எறங்குது."

"மேல ஏத்திப் பாத்தீங்களா?"

"மேல இருந்துதான எறக்குனேன்?"

"மேல நீங்க ஏத்துனீங்களா?"

தரகரின் ஆள்தான் ஏற்கெனவே மேலே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார் என்பது அப்போது தெரிந்தது. மாமா பஸ்ஸில் போய், காரில் இறங்கியிருக்கிறார்.

நான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். எலுமிச்சம்பழம் வைத்த பிறகு ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னவர் எங்கள் தெருவில் அதுவரை இருந்திருக்க மாட்டார்.

"ஏத்தா, பூஜை போட்டாச்சு. வாயால ஒரு நல்ல வார்த்த சொல்லு" என்றார் அம்மா.

"சொல்றேன்ம்மா. ஏறி எறங்கிட்டு வந்து சொல்றேன்."

மாமா சாவியைக் கொடுக்கவில்லை. பானெட்டின் மேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். அம்மா பின்னால் ஏறினார். மாமா முன்னால், என் பக்கத்தில், கதவைக் கொஞ்சம் அதிகமாகவே சத்தமாகச் சாத்தினார். பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே வண்டி இழுக்க மறுத்தது. இரண்டாவது கியரில் போக வேண்டிய இடத்தில் முதல் கியர் கேட்டது. மூன்று பேர்தான் இருந்தோம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. ஸ்டியரிங் இடது பக்கமாகவே போகப் பார்த்தது.

"நீ ஓட்டுறது அப்படி" என்றார் மாமா. "கால நல்லா வச்சு மிதி."

பாதி மலையில் தீய்ந்த வாடை வந்தது. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். மெட்டில் டீக்கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு இறங்கி, முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனேன். வலது பக்கம் சாதாரணமாக இருந்தது. இடது பக்கம் அடுப்புக்குப் பக்கத்தில் கை வைத்ததுபோல் இருந்தது. சக்கரத்தின் இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தேன். பிரேக் தகடு நீலம் பாரித்துக் கிடந்தது. இரும்பு அந்த நிறத்துக்கு வர எவ்வளவு சூடு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது ஒரே நாளில் வரும் நிறமும் இல்லை.

"எடது பிரேக் பிடிச்சது பிடிச்சபடியே இருக்கு மாமா. விடவே மாட்டேங்குது."

"இவ்வளவு ஏத்தம் ஏறுனா சக்கரம் சுடாதா?"

"ஏத்தத்துல நான் பிரேக்கே மிதிக்கலையே. அப்புறம் எதுக்குச் சுடணும்? அதுவும் ஒரு பக்கம் மட்டும்?"

மாமா டீ வாங்கப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. நேற்று அவர் மெச்சிய அடக்கம் இதுதான். விடாத பிரேக் ஒன்று வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. இறக்கம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. தட்டையான சாலையில் அந்தக் கார் பெட்ரோலை வாரி இறைத்திருக்கும். இறக்கத்தில் மட்டும்தான் அது குடிக்காத, சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி. எங்கள் ஊரில் கார் பார்க்கும் முறையில் இந்தக் கோளாறு மட்டும் கோளாறாகத் தெரியாது. நல்ல குணமாகத் தெரியும்.

சக்கரம் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு முதல் கியரில், கால்நடையாகப் போகிற வேகத்தில் இறக்கினேன். என்ஜின் இரைந்தது.

"கத்துது பாரு. பாவம், வாயில்லாத ஜீவன்" என்றார் மாமா. "நியூட்ரல்ல விடு ஆத்தா. வெரசாப் போயிரலாம்."

நான் விடவில்லை. வளைவு ஒன்றில் மேலேறி வந்த லாரிக்கு இடம்விட நிறுத்த வேண்டியிருந்தது. பெடலை மிதித்தேன். அது பஞ்சில் கால் வைத்ததுபோல் உள்ளே போயிற்று; விடாத பிரேக்கின் சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்திருந்தது. கைபிரேக்கைத் தூக்கி, மலைப் பக்கமாக ஒதுக்கி, கல்வரிசையை உரசுவதற்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். முதல் கியரில் வராமல் நியூட்ரலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவுக்கே தெரியும்.

இடது சக்கரத்திலிருந்து புகை வந்தது. மாமா தண்ணீர்ப் புட்டியோடு ஓடினார்.

"ஊத்தாதீங்க மாமா, தகடு வெடிச்சிரும்!"

ஊற்றினார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து, கீழே இருந்து தோட்டப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் மாமாவின் பழைய கூட்டாளி.

"என்ன மாப்ளே, நீ இருக்கையில வண்டி நட்டுக்கிச்சு?"

மாமா என்னைக் கையால் காட்டினார். "மருமக ஓட்டுச்சு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா எந்த வண்டி தாங்கும்?"

ஜீப்பே சிரித்தது. பின்னாலிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஏத்தா, கார விட்டுட்டு எங்ககூடயே ஏறி வந்திரு. ரெண்டு பேருக்கு எடம் இருக்கு" என்றாள். இன்னொருத்தி, "சந்தனம் காயல, அதுக்குள்ளயா!" என்றாள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சிரிக்கும்படியாகத்தான் இருந்தோம்.

ஜீப் போனதும் மாமா கையை நீட்டினார். "சாவியக் கொண்டா. நான் எறக்குறேன்."

"இல்ல மாமா. ஆறட்டும்."

"நான் இந்த மலையில எத்தன வருசம்..."

அப்போது அம்மா காரிலிருந்து இறங்கினார். "தம்பி" என்றார், "சாவி அவகிட்டயே இருக்கட்டும்."

பெடலில் திரும்பப் பிடிப்பு வந்து, நாங்கள் கீழே வந்து சேர வெயில் ஏறிவிட்டது. நேராகத் தரகரிடம் போனேன்.

"லேடி டாக்டர் ஓட்டுன வண்டி பாப்பா" என்றார் அவர். "மலையே ஏறுனதில்ல."

"மலை ஏறாத வண்டிக்குத் தகடு எப்படி நீலமாச்சு?"

"இன்னிக்கு நீங்க ஏத்துனீங்கள்ல?" என்றார். அதை மாமாவைப் பார்த்துச் சொல்லாமல், அந்த ஒருமுறை மட்டும், என்னைப் பார்த்தே சொன்னார். குற்றம் சொல்லும்போது எல்லோருக்கும் என் முகம் தெரிகிறது.

மாமா வாயைத் திறக்கவில்லை. அவர் வாக்குக் கொடுத்திருந்தார், பூஜை போட்டிருந்தார், கூட்டாளியிடம் ஒரு காரணம் சொல்லியிருந்தார். மாலைக்குள் அந்தக் காரணம் ஜீப் நிறுத்தத்தில் பரவிவிட்டது. அடுத்த நாள் காலையில் நான் ஏறிய ஜீப்பின் ஓட்டுநரே விசாரித்தார்: "பிரேக்கப் பொசுக்கிட்டியாமே ஆத்தா?" நீல நிறத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டார். பிறகு இன்னும் இரண்டு பேருக்காகக் கத்தத் தொடங்கினார்.

தரகரிடமே நான் திருப்பி விட்டுவந்த வெள்ளைக் காரை அந்த வாரமே இன்னொருவர் வாங்கிவிட்டார். தெரிந்தவர்தான், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அவர் வீட்டுக்கே போய், இடது பிரேக்கைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா எங்களுக்கும் பிடிக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மாதக் கடைசி நெருங்கியது. நான் தனியாகத் தேனிக்குப் போனேன். ஒரு கடையின் பின்புறம் சாம்பல் நிறக் கார் ஒன்று தூசி படிந்து நின்றது. உரிமையாளர் கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியைத் தள்ளினார். எங்கே போகிறீர்கள், கூட யார் வந்திருக்கிறார்கள், எதுவும் கேட்கவில்லை. இத்தனை பேரில் என் கையில் சாவி தந்தவர் அவர் ஒருவர்தான். அது மரியாதையால் அல்ல, ஆட்டத்தின் மும்முரத்தால். அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

பெட்ரோல் டேங்கை விளிம்புவரை நிரப்பினேன். மெட்டுவரை ஏறினேன். சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். நான்கும் ஒன்றுபோல் இருந்தன. கியரிலேயே இறங்கினேன். அதே பங்கில், அதே குழாயில், திரும்ப விளிம்புவரை நிரப்பி, போன தூரத்தை இரண்டாவது முறை போட்ட பெட்ரோலால் வகுத்தேன். வந்த எண் தரகர் எந்தக் காருக்கும் சொல்லாத அளவு சின்னது. ஆனால் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த எண். என் சம்பளத்துக்குத் தாங்கும். வாங்கினேன். பூஜை போடவில்லை. அம்மா மட்டும் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமல், இடது முன்சக்கரத்தின் அடியில் வைத்தார்.

இப்போதைய நிலைமை இது. மலைமேல் வேலை என்னிடமே இருக்கிறது. உலர்த்தியைத் திறக்கும்போது நான் அங்கே இருக்கிறேன். தங்கும் அறை இன்னும் ஆண்களுக்குத்தான். மாமா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அம்மா அவர் வீட்டுக்குப் போகும்போது நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று டவுன் பஸ்ஸில் போகிறார். வெள்ளைக் கார் இந்த மலையில்தான் ஓடுகிறது. மாலையில் என் பின்னால் சத்தமில்லாமல் இறங்கி வரும்போது ஒதுங்கி வழிவிடுகிறேன். அதன் பிரேக்கை யாரும் கழற்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சாம்பல் காரின் சாவி என்னிடம் இருக்கிறது.